விரைவும் வெம்மையும் மாழையும்

(பள்ளி அறிவியல் மன்றமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியன் ஒருவனை அழைத்து வந்து, வலிய மாழைகள் அடிபடும்போதும் சூடேறும்போதும் எவ்வாறு ஒழுகுகின்றன என்று பேசுக என நிறுத்தியிருக்கிறீர்கள். இது தமிழில் இயலுமா என்று முன்வரிசையில் ஒருவர் தம் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. இயலுமா இயலாதா என்று வழக்காடுவதினும், பேசிக் காட்டிவிட்டு அமர்வது நன்று.

சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். பாடநூல்கள் உலோகம் என்பதை யான் மாழை என்பேன். ஒரு மாழையோடு வேறு மாழையோ, கரி போன்ற பிறிதொன்றோ உருகிக் கலந்து ஒன்றானது கலப்புமாழை. ஓர் அலகுப் பரப்பின்மேல் ஏறும் விசை தகைவு. அத்தகைவால் ஒரு பொருள் தன் முன்னைய அளவினின்று எத்துணைப் பங்கு மாறிற்று என்பது திரிபு. இவ்விரண்டும் பாடநூலிலேயே உள்ள நல்ல சொற்கள். ஒரு நொடியில் எத்துணைத் திரிபு நேர்கிறது என்பதைத் திரிபுவிரைவு என்று கொள்வோம். இவை போதும்.

இனி ஒரு கேள்வி. எஃகின் வலிமை எவ்வளவு? பொறியியல் மாணவரைக் கேட்டால் அட்டவணையைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டுவார். அந்த எண் பொய்யன்று. ஆயினும் அது முழுவிடையும் அன்று. விரல் நீளக் கம்பியொன்றை எந்திரத்திற் பூட்டி, அறை வெப்பநிலையில், நொடிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நீளும்படி மெல்ல மெல்ல இழுத்துக் கண்ட எண் அது. உலகம் அவ்வாறு மெல்ல இழுப்பதில்லை. வானூர்திச் சுழலியின் தகடு ஆண்டுக்கணக்கில் செந்தழலில் நின்று, நொடிக்கு நூறு கோடியில் ஒரு பங்கினும் குறைவாக நீள்கிறது. அதே வானூர்தியின் முகப்பு விசிறித்தகடு முறிந்து உறையில் மோதும்போது, உறையின் மாழை நொடிக்கு ஆயிரம் பங்கு என்னும் விரைவில் நெளிகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு கூற்றுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே ஒன்றன் பின் பன்னிரண்டு சுழி இட்ட வேறுபாடு. இத்துணைப் பெரிய வெளியில் ஒரே எண் நின்று நிலைக்குமா? எத்துணை விரைவில் கேட்கிறாய், எத்துணைச் சூட்டில் கேட்கிறாய் என்று மாழை நம்மைத் திருப்பிக் கேட்கிறது.

இக்கேள்வியை ஐரோப்பியக் கொல்லர்க்கு முதலிற் கேட்டது நம் நாட்டு உருக்கே எனலாம். தென்னாட்டில் களிமண் மூசைகளில் இரும்பைக் கரியோடு சேர்த்து உருக்கி எடுத்த கட்டிகள் மேனாட்டில் 'ஊட்சு' என்று பெயர் பெற்றன. 'உக்கு', 'உருக்கு' என்னும் நம் சொற்களின் திரிபு அது. கொடுமணலும் மேல்சிறுவளூரும் அத்தொழிலின் தடயங்களைக் கொண்ட ஊர்கள். அவ்வுருக்கில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கரி இருந்தது. 1795-ஆம் ஆண்டு சார்சு பியர்சன் என்பார் இதனை ஆய்ந்து இலண்டன் அரசக் கழகத்தில் கட்டுரை படித்தார். பின்னர் மைக்கேல் பாரடேயும் இதில் ஈடுபட்டார். ஆனால் மேனாட்டுக் கொல்லர் பலர் பட்டது பெரும்பாடு. தம் தேனிரும்பை வெண்சூட்டில் வைத்து அடித்துப் பழகிய கை அவர்களுடையது. அதே வெண்சூட்டில் இக்கட்டியை வைத்து அடித்தால் அது கற்கண்டுபோல் உதிர்ந்துபோயிற்று. கரி மிக்க எஃகு தூய இரும்பினும் தாழ்ந்த சூட்டிலேயே உருகத் தொடங்கும்; அதுவும் தன் உள்மணிகள் ஒன்றோடொன்று பொருந்தும் எல்லைகளில் முதலில் உருகும். எல்லையில் நீர்மம், நடுவில் திண்மம், மேலே சம்மட்டி! உதிராது என் செய்யும்? நம் கொல்லரும் மேற்காசியக் கொல்லரும் அதனைச் செந்நிறத்தின் ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்துப் பையப் பைய அடித்தனர். அவர்களிடம் வெப்பமானி இல்லை, நிறமே அளவுகோல்.

மாழை ஏன் வளைகிறது, ஏன் வளையாது முறிகிறது என்பதை உட்புகுந்து காண வேண்டும். மாழையில் அணுக்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஓர் அடுக்கு முழுவதும் அடுத்த அடுக்கின்மேல் ஒருசேர வழுக்க வேண்டுமாயின் பெருவிசை வேண்டும். மெய்யான மாழைகளோ அவ்விசையின் மிகச் சிறு பங்கிலேயே வளைந்துவிடுகின்றன. ஏன் இந்த முரண் என்பதற்கு 1934-இல் தெயிலர், ஒரோவான், போலானி என்னும் மூவர் தனித்தனியே விடை கண்டனர். பெரிய கோரைப்பாய் ஒன்றைத் தரையில் நகர்த்த வேண்டும். முழுப்பாயையும் பற்றி இழுத்தால் கை வலிக்கும். ஒரு முனையில் சிறு மடிப்பை எழுப்பி, அம்மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டு போனால் பாய் எளிதில் நகர்ந்துவிடும். மாழையின் அணியிலும் இத்தகைய மடிப்புகள் உள்ளன. அவற்றைப் பிறழ்வுகள் என்போம். பிறழ்வு எளிதில் ஓடினால் மாழை மென்மை, தடைபட்டால் வன்மை. கலப்புமாழையின் கமுக்கம் இதுவே: அயல் அணுக்களையும் நுண்துகள்களையும் பாயின் அடியில் கற்களைப்போல் பரப்பி வைத்து, மடிப்பு ஓடாதவாறு தடுப்பது.

வெப்பம் என்ன செய்கிறது? அணுக்களை அதிரச் செய்கிறது. தடையின்முன் நின்று தயங்கும் பிறழ்வு, அவ்வதிர்ச்சியின் ஓர் உந்தலால் தடையைத் தாண்டிவிடும். ஆனால் அந்த நல்லுந்தல் வரும்வரை அது காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொழுது உண்டா என்பதுதான் கேள்வி. மெல்லச் சுமை ஏற்றினால் பொழுது உண்டு. திடுமென அடித்தால் இல்லை. பொழுது இல்லாத பிறழ்வு, சூடு இல்லாத பிறழ்வைப் போன்றே தடையில் முட்டி நிற்கிறது. ஆகவே விரைவு என்பதும் ஒருவகைக் குளிர். மெதுமை என்பதும் ஒருவகைச் சூடு. இந்த ஒன்றை மட்டும் இன்று மனத்தில் கொண்டு சென்றாலும் போதும். இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. அவற்றின் பொருட்டே இச்சொற்பொழிவின் பின்பாதி.

1943-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் போர்ட்லாந்துத் துறையில், புதிதாய்க் கட்டி முடித்த 'செனக்டடி' என்னும் எண்ணெய்க் கப்பல், அலையில்லா நீரில் கட்டப்பட்டிருந்த நிலையிலேயே, பேரொலியோடு இரண்டாய்ப் பிளந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை, குளிர் இருந்தது. பற்றவைப்பில் ஒரு குறை இருந்தது. அக்குறையிலிருந்து கிளம்பிய விரிசல் கப்பலைச் சுற்றி ஓடிவிட்டது. சுமை மெல்லத்தானே இருந்தது, விரைவு எங்கே வந்தது என்று கேட்கலாம். விரிசலின் முனையில்தான் விரைவு. இத்தகைய விரிசல் எஃகில் நொடிக்கு ஆயிரம் மீட்டரைத் தாண்டி ஓட வல்லது. அது நெருங்கும்போது ஒவ்வோர் இடத்து மாழைக்கும் சுமை கண்ணிமைப்பொழுதின் மிகச் சிறு கூற்றில் வந்து சேர்கிறது. குளிரும் விரைவும் சேர்ந்து இரட்டைக் குளிராயின, பிறழ்வுகள் அசையவில்லை, வளைய வேண்டிய எஃகு கண்ணாடிபோல் முறிந்தது. செம்பும் அலுமினியமும் அணு அடுக்கின் அமைப்பு வேறாகலின் இவ்வாறு குளிரில் நொறுங்குவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விரைவான அடியை அளப்பது எளிதன்று. அளக்கும் கருவியே அடியின் அதிர்வில் ஆடிப்போகும். இதில் வழிகாட்டியவர்கள் ஒரு தந்தையும் மகனும். தந்தை சான் ஆப்கின்சன், 1872-இல் மாஞ்செசுட்டரில், மேல்முனை இறுகக் கட்டிய இரும்புக் கம்பியின் கீழ்முனையில் ஓர் எடையை விழச் செய்தார். கம்பி அடிபட்ட கீழ்முனையில் அறும் என்றுதானே நினைப்போம்? பலகால் மேல்முனையில் அற்றது! அறுவதா இல்லையா என்பதும் எடையின் பெருமையைவிட அது விழுந்த உயரத்தையே, அஃதாவது மோதிய விரைவையே பெரிதும் பொறுத்திருந்தது. அடி ஓர் அலையாய்க் கம்பியில் ஏறுகிறது. எஃகில் அவ்வலை நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் ஓடும். இறுகிய மேல்முனையில் முட்டித் திரும்பும்போது வந்த அலையும் மீளும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தகைவு இரட்டிக்கிறது. இதனை எண்ணிப் பார்த்தே கண்டவர் அவர். 1898-இல் ஆல்ப்சு மலையேற்றத்தின்போது தம் மக்கள் மூவரோடு உயிரிழந்தார்.

எஞ்சிய மகன் பெர்ட்ரம், சட்டம் பயின்றவர், தந்தையின் மறைவுக்குப் பின் பொறியியலுக்குத் திரும்பி, 1903-இல் கேம்பிரிட்சுப் பேராசிரியரானார். தந்தையின் கம்பியாய்வை 1905-இல் மீண்டும் செய்து, நிலையாய்த் தொங்கும் சுமை கம்பியை நெளித்துவிடும் அளவினும் மிக்க தகைவை, நொடியில் ஆயிரத்தில் ஒரு கூற்றளவு நேரத்திற்குக் கம்பி நெளியாமலே தாங்குகிறது என்று காட்டினார். நான் முன்னர்ச் சொன்ன 'காத்திருக்கப் பொழுதில்லை' என்பதை அன்றே கண்டுவிட்டார். பிறழ்வு என்னும் கருத்து பிறக்க இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. 1914-இல் நீண்ட எஃகுத் தண்டு ஒன்றையே அளவுகருவியாக்கினார். 1918-இல் தாமே வானூர்தி ஓட்டிச் செல்கையில் விழுந்து இறந்தார்.

அத்தண்டை இரண்டாக்கி, இடையே ஆய்வுக்குரிய மாழையின் சிறு வில்லையை வைத்து நசுக்கும் முறையை 1949-இல் எர்பெர்ட்டு கோல்சுகி வகுத்தார். முதல் தண்டில் வரும் அலை, அதில் திரும்பும் அலை, இரண்டாம் தண்டிற்குக் கடந்து செல்லும் அலை என மூன்றையும் அளந்தால், இடைப்பட்ட வில்லையின் தகைவும் திரிபும் கணக்கில் வந்துவிடும். இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் இதுவே நடக்கிறது. வில்லையைச் சுற்றி ஒரு சிற்றுலையை வைத்துவிட்டால் விரைவும் வெம்மையும் ஒருசேரக் கிடைக்கின்றன.

1944-இல் மஞ்சோயின் என்பார் மென்னெஃகை வேறு வேறு விரைவிலும் வேறு வேறு சூட்டிலும் இழுத்து வெளியிட்ட வரைகோடுகள் இத்துறையில் பெயர்பெற்றவை. அறை வெப்பநிலையில் மிக மெல்ல இழுப்பதினின்று மிக விரைந்து இழுப்பதற்குச் சென்றால், நெளியத் தொடங்கும் தகைவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. செஞ்சூட்டிலோ விரைவின் செல்வாக்கு இன்னும் பெரிது. அங்கே மெல்ல அழுத்தினால் களிமண். ஓங்கி அடித்தால் எதிர்க்கும் இரும்பு. உலைக்களத்துக் கொல்லர்க்கு இது புதுச்செய்தியன்று.

இடையில் ஒரு விந்தை. எஃகை 200 முதல் 300 பாகைவரை சூடாக்கினால் மெலிவதற்கு மாறாகச் சற்று வலுத்து, உடன் நொறுங்குந்தன்மையும் பெறுகிறது. மேற்பரப்பு நீலம் பாயும் சூடு அது. ஆகலின் நீலநொறுங்கல் என்பர். எஃகினுள் இருக்கும் கரி, நைட்ரசன் அணுக்கள் அச்சூட்டில் நடமாடத் தொடங்கி, ஓடும் பிறழ்வுகளைக் கடன் கொடுத்தவன் துரத்துவதுபோல் துரத்திப் பிடித்துக்கொள்கின்றன. அடி விரைவானால் பிறழ்வும் விரைந்து ஓடும். அதனைப் பிடிக்க அயலணுக்களுக்கு இன்னும் மிகுந்த சூடு வேண்டும். ஆகவே இந்த மேடு உயர்ந்த வெப்பநிலைக்கு நகர்ந்துவிடுகிறது. கூடிய சூடு குறைந்த வலிமை என்று ஒரே கோட்டை இழுப்பவர் இவ்விடத்தில் வழுக்கி விழுவர்.

இனி முதல் விலக்கு. மாழையை நெளிக்கச் செலவிடும் உழைப்பு எங்கே போகிறது? பத்தில் ஒன்பது பங்கு அளவில் வெப்பமாகிவிடுகிறது என்பதைத் தெயிலரும் குவின்னியும் 1934-இல் அளந்தனர். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடித்துத் தொட்டுப் பார்த்த சிறுவன் எவனும் இதனை அறிவான். மெல்ல நெளித்தால் அவ்வெப்பம் அக்கம்பக்கம் பரவிப் போய்விடும். விரைந்து நெளித்தால் போவதற்குப் பொழுது ஏது?

தைட்டானியக் கலப்புமாழை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு தைட்டானியம், ஆறு அலுமினியம், நான்கு வனேடியம் கொண்டது. வானூர்தித் தொழிலில் மிகுதியும் பயன்படுவது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 120 கிலோ எடை என்னும் தகைவில் அது பாதிப்பங்கு திரிபுறுமாயின், பிறக்கும் வெப்பம் அதன் சூட்டை ஏறத்தாழ 200 பாகை உயர்த்தப் போதும். இனி அவ்வெப்பம் பரவட்டும் என்று நொடியில் பத்தாயிரத்தில் ஒரு கூறு காத்திருங்கள். அது மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு கூறுகளே நகர்ந்திருக்கும். தலைமயிரின் பருமன்கூட இல்லை. இந்தத் தைட்டானியக் கலப்புமாழை வெப்பத்தைக் கடத்துவதில் செம்பில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கே தேறும். ஆகவே சற்றே மெலிந்த ஓரிடம் மிகுதியாய் நெளிகிறது, நெளிந்ததால் சூடேறுகிறது, சூடேறியதால் மேலும் மெலிகிறது, மெலிந்ததால் எல்லா நெளிவும் அங்கேயே வந்து குவிகிறது. ஓலைச்சுவடியின் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதுபோல், ஒரு மெல்லிய பட்டையில் மாழை முழுவதும் சறுக்கிப் பிளந்துவிடுகிறது. சுற்றிலும் உள்ள மாழையோ ஒன்றும் அறியாததுபோல் நிற்கும்.

இதற்கு ஒரு பெயர் வேண்டும். வெப்பம் உள்ளே வாராமலும் வெளியே போகாமலும் நிகழ்வதைச் சிலர் 'வெப்பம் மாறா நிகழ்ச்சி' என்று எழுதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெப்பநிலை மாறவில்லை என்று மாணவன் பிறழ உணர்ந்துகொள்வான். மாறுவதுதானே இங்குச் சிக்கலே! வெப்பம் அடைபட்டுக் கிடப்பதால் 'அடைவெப்பம்' என்போம். அடைவெப்பச் சறுக்குப்பட்டை. சொல்லும்போதே பொருள் தெரிகிறது அன்றோ?

இதனைக் கண்ணாற் கண்டு முதலில் எழுதியவர் பிரெஞ்சு நாட்டு என்றி திரெசுக்கா. பிளாட்டினத் தண்டு ஒன்று நீராவிச் சம்மட்டியில் அடிபடுகிறது. சூடு தணிந்து செந்நிறம் மங்கிவிட்ட நிலை. ஓரடி விழுந்தது. தண்டின் பக்கத்தில் இரண்டு கோடுகள் குறுக்குமறுக்காய், பெருக்கற்குறிபோல், செந்தணலாய் ஒளிர்ந்தன! அடித்த ஆற்றல் மாழை முழுவதும் பரவாமல் அக்கோடுகளில் மட்டும் வெப்பமாய் நின்றதைக் கண்டு, 1878-இல் அவர் அதனை விளக்கி எழுதினார். பின்னர் 1944-இல் சீனரும் ஆலோமனும் எஃகுத் தகட்டில் துளையிட்டு ஆய்ந்தபோது, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 32 கூறு அகலமே உள்ள வெண்பட்டைகளைக் கண்டு, விரைவால் வரும் வலுப்பையும் வெப்பத்தால் வரும் மெலிவையும் எதிரெதிரே நிறுத்தி, எது வெல்லும் என்னும் கணக்காய் இதனை ஆக்கினர். விரைவு ஒருவகைக் குளிர் என்றேன். எல்லை கடந்த விரைவு தானே தீயாகிவிடுகிறது.

கடைசல் எந்திரத்தில் தைட்டானியத்தைச் செதுக்குவோர் இதனை நாள்தோறும் காண்கின்றனர். மென்னெஃகின் சீவல் நாடாப்போல் நீண்டு வரும். தைட்டானியச் சீவலோ அரம்பப் பல்போல் வெட்டுவெட்டாய் வரும். ஒவ்வொரு பல்லின் இடையிலும் ஓர் அடைவெப்பப் பட்டை. உளியின் முனை அச்சூட்டிலும் அதிர்விலும் விரைவில் மழுங்குகிறது. போர்க்கருவி செய்வோரோ இதே குறையைப் பண்பாகக் கொண்டனர். கவசத்தைத் துளைக்கும் தண்டு தங்குதன் கலவையால் ஆனால் முனை காளான்போல் பருத்துவிடும். யுரேனியக் கலவையால் ஆனால் முனையின் ஓரங்கள் சறுக்குப்பட்டைகளில் உதிர்ந்து உதிர்ந்து கூர்மை மாறாது நிற்கும். அறிவு அங்கும் போயிற்று என்று சொல்வதற்கு மேல் அதைப் பற்றி எனக்குப் பேச விருப்பமில்லை.

வானூர்திக்குத் திரும்புவோம். அதன் பொறியின் உட்பகுதியில் சுழலித்தகடுகள் நிற்குமிடத்தில் பாயும் வளியின் வெப்பநிலை, அத்தகடுகளின் உருகுநிலையையே தாண்டியது. தகடுகள் உருகாமலிருப்பது, உள்ளே குடைந்த நுண்வழிகளில் குளிர்ந்த காற்று ஓடுவதாலும், மேலே வெப்பந்தடுக்கும் பூச்சு இருப்பதாலும். அச்சூட்டில் சுழற்சியின் விசை ஒவ்வொரு தகட்டையும் பல்லாயிரம் கிலோ எடையோடு வெளிநோக்கி இழுக்கிறது. இங்கே மெதுமையே பகை: ஆண்டுக்கணக்கில் கிடைக்கும் பொழுதையும் சூட்டையும் கொண்டு பிறழ்வுகள் தடைகளை ஏறிக் கடந்துவிடும். அதைத் தாங்குவது நிக்கல் கலப்புமாழை. நிக்கல் மூன்றுக்கு அலுமினியம் ஒன்று என்னும் கணக்கில் அதனுள் விளையும் நுண்படிகங்கள்தாம் அதன் முதுகெலும்பு. அவற்றின் வலிமை சூடேற ஏறக் குறையாமல், ஏறத்தாழ 700 பாகைவரை கூடிக்கொண்டே போகிறது! வெப்பம் தரும் உந்தலால் பிறழ்வு தன் வழியை விட்டுக் குறுக்குத்தளத்திற்கு ஏறுகிறது. ஏறிய இடத்தில் மாட்டிக்கொள்கிறது. தப்பிக்க எழுந்தவன் கால் விலங்கில் சிக்கியதுபோல். மணியெல்லைகள் சூட்டில் நழுவும் என்பதால், தகடு முழுவதையும் எல்லையே இல்லாத ஒரே படிகமாக வார்த்தெடுக்கும் கலையும் வந்துவிட்டது. மணியெல்லையில் உருகி உதிர்ந்த நம் உருக்கை இங்கே நினைவுகொள்க.

முகப்பு விசிறியின் நிலை வேறு. அங்கே சூடில்லை, விரைவு உண்டு. தகடு ஒன்று முறிந்தால், சுற்றியுள்ள உறை அதனைத் தாங்கி உள்ளேயே வைக்க வேண்டும் என்பது வானூர்திச் சட்டம். புதிய பொறிவகை ஒவ்வொன்றும் முழு விரைவில் சுழலும்போது ஒரு தகட்டை வெடிவைத்து அறுத்து விட்டு ஆய்வு செய்யப்படுகிறது. 2018-ஆம் ஆண்டு ஏப்பிரல் 17-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து தல்லாசு நோக்கிச் சென்ற சவுத்துவெசுட்டு வானூர்தியில், இடப்பக்கப் பொறியின் 24 விசிறித்தகடுகளுள் ஒன்று அடியோடு முறிந்தது. 32,000-க்கு மேற்பட்ட பயணங்களில் சிறுகச் சிறுக வளர்ந்த விரிசல் அதற்குக் கரணியம். முறிந்த தகடு உறையில் மோதிய இடம், வெளிமூடியைப் பூட்டியிருந்த ஓர் இணைப்பிற்கு அருகில். மோதலின் அலை அவ்விணைப்பைத் தாக்க, மூடி பெயர்ந்தது. அதன் துண்டு ஒன்று சாளரத்தை உடைத்தது. பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். தகடு எவ்விடத்தில் மோதினால் என்ன நேரும் என்பதை எல்லா இடங்களுக்கும் முன்கூட்டி ஆய்ந்திருக்கவில்லை என்பது உசாவலில் வெளிப்பட்டது. ஆப்கின்சனின் கம்பி அடிபட்ட முனையை விட்டு மறுமுனையில் அற்றதல்லவா?

எல்லா மோதலையும் மெய்யாகவே மோதிப் பார்க்க இயலாது. கணிப்பொறியில் மோதவிட்டுப் பார்க்கின்றனர். அதற்குப் பெரிதும் கைக்கொள்ளும் வாய்பாடு 1983-இல் சான்சன், குக்கு என்னும் இருவர் வகுத்தது. நெளிய நெளிய வரும் வலுப்புக்கு ஒரு கூறு, விரைவுக்கு ஒரு கூறு, சூட்டுக்கு ஒரு கூறு. மூன்றையும் பெருக்கினால் தகைவு. ஐந்தே நிலையெண்கள். எளிமையாலேயே அது உலகை ஆண்டது. ஆனால் அதில் விரைவுக்கும் சூட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தனித்தனி அறையில் வைத்துப் பெருக்கிவிட்டார்கள். செஞ்சூட்டில் விரைவின் செல்வாக்குப் பெரிது என்றும், நீலநொறுங்கலின் மேடு விரைவோடு நகரும் என்றும் பார்த்தோமே, அவை இப்பெருக்கலுள் அடங்கமாட்டா. அளந்த எல்லைக்குள் இவ்வாய்பாடு நல்ல பணியாள். எல்லைக்கு வெளியே அதனை நம்பி உயிர்களை ஒப்படைப்பது தகாது என்பது என் கருத்து. பிறழ்வின் இயக்கத்திலிருந்தே கட்டிய வேறு வாய்பாடுகளும் உள. அவற்றுக்கு உழைப்பு மிகுதி வேண்டும்.

இரண்டாம் விலக்கைச் சொல்லி அமர்கிறேன். 2024-இல் அமெரிக்காவின் டௌடிங்கு, சூ என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அரத்தக்கல்லின் இனமான அலுமினிய உயிரகையின் நுண்துகளை ஒளிக்கற்றையின் வெடிப்பால் நொடிக்குப் பல நூறு மீட்டர் விரைவில் செலுத்தி, செம்பு, பொன், தைட்டானியம் ஆகிய தூய மாழைகளின்மேல் மோதவிட்டனர். துகள் எத்துணை விரைவில் துள்ளித் திரும்புகிறது, எத்துணைக் குழி விழுகிறது என்று அளந்தனர். நொடிக்குப் பத்து இலக்கம் பங்கையும் தாண்டிய திரிபுவிரைவு அது. செம்பை 157 பாகை கூடுதலாகச் சூடாக்கியபோது அது மெலியவில்லை; ஏறத்தாழ 30 விழுக்காடு வலுத்தது! கொல்லன் பட்டறை தோன்றிய நாள்முதல் நாம் அறிந்ததற்கு நேர்மாறு.

பாயின் மடிப்பைக் கொண்டே இதனையும் விளக்கலாம். அவ்வளவு பெருவிசையில் பிறழ்வு எந்தத் தடையின்முன்னும் நின்று உந்தலுக்குக் காத்திருப்பதில்லை. எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு ஒலியின் விரைவை நெருங்கி ஓடுகிறது. அப்பொழுது அதனைத் தடுப்பது அணுக்களின் அதிர்வு ஒன்றே. திருவிழாக் கூட்டத்தில் நின்று நின்று செல்பவனுக்கு மக்கள் அசைந்துகொடுப்பது உதவி. ஓடுபவனுக்கோ அவர்கள் அசைவதே இடையூறு. சூடு கூடினால் அதிர்வு கூடும். அதிர்வு கூடினால் ஓடும் பிறழ்வுக்கு இழுவை கூடும். இது தூய மாழைகளின் செய்தி. பாயின் அடியில் கற்களைப் பரப்பிய கலப்புமாழைகளில் பிறழ்வு அந்த ஓட்டத்தை எட்டுவது அரிது. எந்த அளவு கலப்பில், எந்த விரைவில் ஒன்று மற்றொன்றாய் மாறுகிறது என்பதையே இப்பொழுது துருவிக்கொண்டிருக்கின்றனர். கேள்விகள் இருப்பின் மாணவர்கள் எழுந்து கேட்கலாம்.